சிபி ரேடியோவில் கேட்ட தொலைதூரக் குரலிலிருந்து ஹாம் உரிமம் வரை: அமெரிக்காவில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

டெக்சாஸ் மாநிலத்தின் அமரில்லோ நகரைத் தாண்டி, ஐ-40 நெடுஞ்சாலையின் ஓய்விடம் ஒன்றில் வண்டியை நிறுத்திவிட்டு, புதிதாக மாட்டிய சிபி ரேடியோவின் (உரிமமின்றி எவரும் பயன்படுத்தும் குறுந்தூர ரேடியோ) சேனல்களைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, 38ஆம் சேனலில் ஓரிகன் மாநிலத்திலிருந்து ஒரு முதியவரின் குரல், பக்கத்து மேசையில் அமர்ந்து பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது. அவருக்கும் எனக்கும் இடையே இரண்டாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றே குறைவு. நான் பதில் சொன்னேன், அவரும் கேட்டார். ஆனால் இருபது மைல் முன்னால் போய்க்கொண்டிருந்த நண்பரின் வண்டியை எத்தனை முறை அழைத்தும் பிடிக்க முடியவில்லை. அந்தப் பயணத்துக்காக நான் ரேடியோ வாங்கியதே நண்பரோடு பேசுவதற்குத்தான்.

அன்று தொடங்கிய ஆசையில், எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தெரியாமல் ஒன்றரை ஆண்டும் ஐந்நூறு டாலருக்கு மேலும் வீணாக்கினேன். மாணவராகவோ வேலைக்காகவோ அமெரிக்காவுக்கு வந்து, இதே ஆசை பிடித்திருக்கும் தமிழர்களுக்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் கீழே எழுதுகிறேன். இதில் சொல்லப்படும் விதிகளும் கட்டணங்களும் அமெரிக்காவுக்கு மட்டுமே உரியவை.

1. உங்களுக்கு எந்தத் தூரம் வேண்டும் என்பதை முடிவு செய்யுங்கள்

நெடுஞ்சாலையில் முன்வண்டி பின்வண்டியோடு பேசவும், போக்குவரத்து நெரிசல் பற்றி லாரி ஓட்டுநர்கள் 19ஆம் சேனலில் சொல்வதைக் கேட்கவும் மட்டும் விரும்பினால், சிபி போதும். இந்தக் கட்டுரையை இத்துடன் நிறுத்திவிடலாம். வேறு மாநிலத்தவரோடு எப்போதாவது பேச வாய்த்தால் மகிழ்ச்சி, வாய்க்காவிட்டால் வருத்தமில்லை என்பவர்களுக்கும் எஸ்எஸ்பி (குறைந்த திறனிலும் அதிகத் தூரம் எட்டும் ஒற்றைப் பக்கப்பட்டை முறை) வசதியுள்ள சிபி ரேடியோ ஒன்றே போதும்.

இன்று ஐரோப்பா, நாளை ஜப்பான், ஒருநாள் இந்தியா என்று, தொலைவைத் தேடிப்போய்ப் பேச விரும்புபவர்களுக்கு ஹாம் உரிமம், அதாவது தேர்வெழுதிப் பெறும் அமெச்சூர் வானொலி உரிமம் வேண்டும். சிபி கருவிகள் மட்டமானவை என்பதால் இதைச் சொல்லவில்லை. சிபி இயங்குவது 27 மெகாஹெர்ட்ஸில், அதாவது 11 மீட்டர் பட்டையில். ஹாம் உரிமம் உள்ளவர்களின் 10 மீட்டர் பட்டை அதற்கு அடுத்த வீடுபோல 28 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. இரண்டையும் திருப்பி அனுப்புவது வானின் உயரத்தில் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான ஒரே அயனி மண்டலந்தான், ஒரே விதத்தில்தான். ஆனால் அந்த மண்டலம் 27 மெகாஹெர்ட்ஸைத் திருப்பி அனுப்பாத நேரத்தில் சிபிக்காரர் ரேடியோவை அணைத்துவிட்டுத் தூங்கப் போக வேண்டியதுதான். ஹாம் உரிமம் உள்ளவரோ 21, 14, 7 மெகாஹெர்ட்ஸ் என்று இறங்கி, அந்த வேளைக்குத் திறந்திருக்கும் பட்டையைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார். முக்கியமான வேறுபாடு இதுவே. திறன், விலை முதலியவை எல்லாம் இதற்கு அடுத்தவை.

2. சிபியின் எல்லைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

சிபிக்குத் தனி உரிமம் தேவையில்லை, தேர்வு இல்லை, விசா வகையும் பொருட்டல்ல. மொத்தம் 40 சேனல்கள், 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை. ஏஎம் முறையில் 4 வாட், எஸ்எஸ்பி முறையில் உச்சத் திறன் 12 வாட். எஃப்எம் முறைக்கும் 2021இல் அனுமதி கிடைத்தது, அதற்கும் 4 வாட்தான். 9ஆம் சேனல் அவசர உதவிக்கும் பயணிகளின் உதவிக்கும் ஒதுக்கப்பட்டது. அதில் அரட்டை கூடாது. நெடுந்தூரம் பேசுபவர்கள் வழக்கமாகக் கூடுவது 38ஆம் சேனலில், எஸ்எஸ்பியின் ஒரு வகையான எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) முறையில். ஆகவே ஏஎம் மட்டும் உள்ள மலிவான ரேடியோவை வாங்கிவிட்டு அங்கே போனால் வாத்து கத்துவதுபோன்ற ஓசைதான் கேட்கும்.

இங்கே ஒரு பழைய தகவல் பலரைக் குழப்புகிறது. 250 கிலோமீட்டருக்கு, அதாவது 155.3 மைலுக்கு அப்பால் சிபியில் பேசுவது குற்றம் என்ற விதி முன்பு இருந்தது. அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2017இல் அதை நீக்கிவிட்டது. இன்றும் பல பக்கங்கள் பழைய விதியையே ஒப்பித்துக்கொண்டிருக்கின்றன, அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம். நீக்கப்படாதவை வேறு: திறனைக் கூட்டும் வெளிப் பெருக்கியை இணைக்கக் கூடாது, எஃப்சிசி சான்று பெற்ற சிபி கருவியை மட்டுமே பயன்படுத்த வேண்டும், அதன் உள்ளே கைவைத்துத் திறனையோ சேனல்களையோ கூட்டக் கூடாது. வீட்டில் ஆன்டெனா வைப்பதானால் தரையிலிருந்து 60 அடி அல்லது அது நிற்கும் கட்டடத்துக்கு மேல் 20 அடி, இவற்றில் எது உயரமோ அதுவே எல்லை. ஓர் உரையாடல் 5 நிமிடத்துக்கு மேல் நீளக் கூடாது என்றும், முடிந்ததும் குறைந்தது 1 நிமிடம் சேனலை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. இதைப் பின்பற்றுபவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

ஊரோடு சிபியில் பேசலாம் என்று கனவு காண்பவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்த விட்டிருக்கும் சிபி பட்டை 26.957 முதல் 27.283 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அமெரிக்கக் கணக்கில் அது 27ஆம் சேனலோடு முடிந்துவிடுகிறது. நெடுந்தூரக்காரர்கள் கூடும் 38ஆம் சேனல் 27.385 மெகாஹெர்ட்ஸ், அதாவது அந்த எல்லைக்கு வெளியே. முறையாக நடந்துகொள்ளும் எந்த இந்தியச் சிபி நிலையமும் அங்கே உங்களுக்குக் கிடைக்காது.

3. வழி எப்போது திறக்கும் என்பதைக் கவனிக்கப் பழகுங்கள்

இதற்குச் செலவே இல்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் செய்யாமல் விடுவது இதைத்தான். இரண்டு வகையான திறப்புகள் உள்ளன. ஒன்று, மே மாதம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அயனி மண்டலத்தின் தாழ்ந்த அடுக்கில் திட்டுத் திட்டாகத் தோன்றி மறைவது. இது ஒரே தாவலில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வரை கொண்டுபோகும். சில நேரம் மூன்று மணி நேரம் நீடிக்கும், சில நேரம் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்துபோகும். மற்றொன்று, சூரியனில் கரும்புள்ளிகள் மிகுந்த ஆண்டுகளில் பகல் முழுவதும் உயர் அடுக்கில் நிலைத்து நிற்பது. இது ஒரே தாவலில் 4,000 கிலோமீட்டர் வரையும், பல தாவல்களில் கண்டம் விட்டுக் கண்டமும் கொண்டுபோகும்.

இரண்டு வகையிலும், அலை தரையை விட்டு எழும்பித் திரும்பி இறங்கும் இடம்வரை இடையில் ஒரு செவிட்டுப் பகுதி உண்டு. நண்பரின் வண்டி எனக்குக் கிடைக்காமல் போனதும் அதனால்தான்: நேரடி அலை அவ்வளவு தூரம் சரியாக எட்டவில்லை, எழும்பிய அலையோ அவரைத் தாண்டிப் போய்விட்டது. தொலைவிலிருந்து வந்து குவிந்த குரல்கள் அந்த மெல்லிய நேரடி அலையையும் மூடிவிட்டன. வழி நன்றாகத் திறந்திருக்கும் நாளில் சிபி பக்கத்தில் பேசுவதற்குப் பயன்படாது என்பதை நினைவில் வையுங்கள்.

இப்போதைய சூரியச் சுழற்சியான 25ஆம் சுழற்சி 2019 டிசம்பரில் தொடங்கி 2024இல் உச்சத்தைத் தொட்டது. இனிவரும் ஆண்டுகளில் 27, 28 மெகாஹெர்ட்ஸ் இரண்டுமே படிப்படியாக மௌனமாகும். கோடைத் திறப்புகள் மட்டும் ஆண்டு தவறாமல் வரும். சிபியை மட்டும் நம்பி ஆன்டெனாவுக்குப் பெருந்தொகை செலவிட நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். தாழ்ந்த பட்டைகளுக்கு இந்தக் கவலை மிகவும் குறைவு.

4. வாங்கக் கூடாத இரண்டு பொருள்கள்

நான் ஏமாந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதலாவது, சிபிக்கான பெருக்கி. ஓரிகன் குரலுக்குப் பின் இரண்டு வாரம் யாருமே கிடைக்காததால், என் திறன்தான் போதவில்லை என்று நினைத்து, நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் 180 டாலர் கொடுத்து ஒரு பெருக்கியை வாங்கினேன். அது சட்டவிரோதமானது என்பதைக் கடைக்காரர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதைவிட வருத்தம் தருவது அந்தக் கணக்கு. 12 வாட்டை 100 வாட்டாக்கினால் கிடைப்பது 9 டெசிபெல் சொச்சம். எதிர்முனையில் குரலின் வலுவைக் காட்டும் எஸ் மீட்டரில் அது ஒன்றரை அளவு ஏற்றம். கேட்கவே கேட்காத நாளில் ஒன்றரை அளவால் ஆவது ஒன்றுமில்லை. என் உண்மையான சிக்கல் கேபிளின் முனையில் இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, வெளிப்பின்னல் கம்பிகளில் பாதி பற்றவைக்கப்படாமல், தலைமுடிபோல் விரிந்து கிடந்தன. எஸ்டபிள்யூஆர், அதாவது அனுப்பிய திறன் ஆன்டெனாவில் ஏறாமல் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் அளவு, 3ஐத் தாண்டியிருந்தது. இரண்டு டாலர் பிளக்கும் பத்து நிமிட வேலையும் அதை 1.4க்குக் கொண்டுவந்தன.

இரண்டாவது, ஏற்றுமதி ரேடியோ என்ற பெயரில் விற்கப்படுபவை. பார்க்கச் சிபி போலவே இருக்கும், பெட்டியில் 10 மீட்டர் ஹாம் கருவி என்று அச்சிட்டிருக்கும், உள்ளே ஓர் இணைப்பை வெட்டினால் 27 மெகாஹெர்ட்ஸிலும் பேசும். இதைச் சிபியில் பயன்படுத்தச் சான்று இல்லை. 10 மீட்டரில் பயன்படுத்த உங்களிடம் உரிமம் இல்லை. உரிமம் பெற்ற பிறகும் இதே விதிதான்: ஹாம் கருவியைத் திருத்திச் சிபி சேனலில் பேசக் கூடாது. 27.555 மெகாஹெர்ட்ஸில் உலகமே கூடிப் பேசுகிறது, வாருங்கள் என்று அழைப்பவர்களும் இருப்பார்கள். அது 40 சேனல்களுக்கு வெளியே உள்ள இடம், அமெரிக்காவில் அங்கே ஒலிபரப்புவது குற்றம். விசாவில் இருப்பவர்கள் இத்தகைய குற்றப்பதிவு ஒன்றைத் தேடிப்போய்ச் சேர்த்துக்கொள்ள வேண்டியதில்லை.

5. எஃப்ஆர்என் எண்ணைப் பெறுங்கள்

ஹாம் உரிமத்துக்குக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு அரசுகளின் பிரதிநிதிகளைத் தவிர எவரும் தேர்வு எழுதலாம். வயது வரம்பும் கிடையாது. அமெரிக்காவில் அஞ்சல் பெறக்கூடிய முகவரி ஒன்றும் மின்னஞ்சல் முகவரி ஒன்றும் கட்டாயம் வேண்டும். எஃப்-1 மாணவர்களும், எச்-1பி பணியாளர்களும், அவர்களின் குடும்பத்தாரும் தாராளமாக விண்ணப்பிக்கலாம்.

முதல் வேலை, எஃப்சிசியின் கோர்ஸ் என்னும் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி எஃப்ஆர்என் என்ற பத்து இலக்க எண்ணைப் பெறுவது. இது இலவசம், பதினைந்து நிமிட வேலை. இதற்குக் கட்டணம் கேட்கும் இடைத்தரகர் தளங்களை நம்பாதீர்கள். தனிநபர் என்பதைத் தேர்ந்தெடுத்து, சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்த எண் இன்னும் வராதவர்கள் அதற்கான காரணத்தைத் தெரிவிக்கவும் படிவத்தில் இடமுண்டு. தேர்வு நாளில் உங்கள் சமூகப் பாதுகாப்பு எண்ணை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை, எஃப்ஆர்என் மட்டும் போதும்.

தமிழர்கள் தடுக்கி விழும் இடம் பெயர்ப் பெட்டி. தலைப்பெழுத்தோடு வாழ்ந்து பழகிய நமக்கு, கடவுச்சீட்டில் ஒரு பெயர், வங்கியில் அதையே திருப்பிப் போட்ட பெயர், பல்கலைக்கழகத்தில் முதற்பெயர் தெரியவில்லை என்பதைக் குறிக்கும் எஃப்என்யூ என்ற மூன்றெழுத்து என்று பல அவதாரங்கள் இருக்கும். எஃப்ஆர்என் பதிவு, தேர்வு விண்ணப்பம், தேர்வறையில் காட்டும் அடையாள அட்டை ஆகிய மூன்றிலும் ஒரே பெயர், ஒரே வரிசையில் இருக்கும்படி முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாவற்றையும் எழுதினேன்.

முகவரி விஷயத்தில் இன்னும் ஓர் எச்சரிக்கை. உரிமம் பெற்ற எவருடைய பெயரையும் அஞ்சல் முகவரியையும் எஃப்சிசியின் தரவுத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வானலையில் அழைப்புக்குறியை (உரிமத்தோடு கிடைக்கும் அடையாளக் குறி) சொன்ன அடுத்த நிமிடமே எதிர்முனையில் இருப்பவர் உங்கள் தெருவைத் தெரிந்துகொள்வார். தனியாக வசிப்பவர்களும், முகவரி வெளியே தெரிவதை விரும்பாதவர்களும், அஞ்சல் பெட்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து அதன் முகவரியை முதல் விண்ணப்பத்திலேயே கொடுப்பது நல்லது. பின்னால் மாற்றினாலும் பழைய முகவரி வேறு தளங்களில் தங்கிவிடும்.

6. இரண்டு தேர்வுகளையும் ஒரே நாளில் எழுதுங்கள்

உரிமத்தில் மூன்று நிலைகள்: டெக்னீசியன், ஜெனரல், எக்ஸ்ட்ரா. முதல் இரண்டிலும் 35 கேள்விகள், 26 சரியானால் தேர்ச்சி. எக்ஸ்ட்ராவில் 50 கேள்விகள், 37 வேண்டும். எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. மோர்ஸ் தேர்வு 2007இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

பலர் டெக்னீசியனோடு நிறுத்திவிட்டு, பிறகு ஏமாற்றம் அடைகிறார்கள். அந்த உரிமத்தில் நெடுந்தூரப் பட்டைகளில் குரலில் பேசக் கிடைப்பது 28.3 முதல் 28.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு துண்டு மட்டுமே, 200 வாட் வரை. சிபியிலிருந்து ஒரு மெகாஹெர்ட்ஸ் தள்ளிப்போய், அதே பகல்நேரக் கதவின் முன் காத்திருப்பது போன்றதுதான். குரலைப் பெற்று மறுபடி ஒலிபரப்பும் உள்ளூர் ரிப்பீட்டர்களுக்கு அது தாராளம். நெடுந்தூரத்துக்கு ஜெனரல் வேண்டும்; அதில் எல்லாச் சிற்றலைப் பட்டைகளிலும் குறிப்பிட்ட பகுதிகள் திறந்துவிடும், திறனும் 1,500 வாட் வரை.

பெரும்பாலான தேர்வுக் குழுக்கள், டெக்னீசியனில் தேறியவர் அதே அமர்வில் மறுகட்டணமின்றி ஜெனரல் எழுத அனுமதிக்கின்றன. தேர்வுக் கட்டணம் குழுவுக்குக் குழு மாறும். அமெரிக்க ஹாம்களின் தேசியச் சங்கமான ஏஆர்ஆர்எல் ஒருங்கிணைக்கும் தேர்வுகளில் 15 டாலர், 18 வயதுக்குட்பட்டோருக்கு 5 டாலர், சில குழுக்களில் இலவசம். இரண்டையும் தனித்தனியாக எழுதிய நான் இருமுறை கட்டணம் கட்டி, இருமுறை நாற்பது மைல் ஓட்டினேன்.

படிக்கப் பணம் செலவிட வேண்டாம். கேள்விகள் அனைத்தும் விடைகளோடு முன்கூட்டியே வெளியிடப்பட்டவை. டெக்னீசியனுக்கும் ஜெனரலுக்கும் தலா நானூற்றுச் சொச்சம். ஹாம்ஸ்டடி என்ற இலவசத் தளத்தில் நாள்தோறும் அரை மணி நேரம் பயிற்சி செய்தால், பொறியியல் படித்தவருக்கு டெக்னீசியனுக்கு இரண்டு வாரமும் ஜெனரலுக்கு மூன்று வாரமும் போதும். மற்றவர்கள் ஓரிரு வாரம் கூட்டிக்கொள்ளலாம். மின்னியலைவிட, எந்தப் பட்டையில் யாருக்கு எதுவரை அனுமதி என்ற எண்கள்தான் எனக்கு மனதில் நிற்க மறுத்தன. வினாத் தொகுப்புகள் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாறும்: டெக்னீசியனுக்கு 2026 ஜூலை 1 முதலும், ஜெனரலுக்கு 2027 ஜூலை 1 முதலும் புதியவை. பழைய தொகுப்பைப் படித்துவிட்டு ஜூலையில் போய் உட்காராதீர்கள்.

தேர்வுக்கு எடுத்துச்செல்ல வேண்டியவை: படத்தோடு கூடிய அரசு அடையாளச் சான்று, கடவுச்சீட்டானாலும் போதும், எஃப்ஆர்என் எண், நினைவகம் துடைக்கப்பட்ட சாதாரணக் கால்குலேட்டர், பென்சில், சரியான சில்லறையாகக் கட்டணம். கேமரா வழியாக வீட்டிலிருந்தே எழுதும் தேர்வுகளும் உண்டு. அவற்றில் அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொல்வார்கள், தேர்வு முடியும்வரை வேறு எவரும் உள்ளே வரக் கூடாது. மூவரோடு வீட்டைப் பகிரும் மாணவருக்கு நூலகத்தின் தனியறையே உகந்தது.

7. 35 டாலரும் பத்து நாளும்

தேறிய அன்றே ஒரு சான்று தருவார்கள். அது 365 நாள் செல்லும். அதோடு உரிமம் கிடைத்துவிட்டதாக எண்ணிப் பேசத் தொடங்கக் கூடாது. தேர்வுக் குழு முடிவை அனுப்பிய பிறகு எஃப்சிசியிலிருந்து கட்டண இணைப்போடு ஒரு மின்னஞ்சல் வரும். 35 டாலர் கட்டணத்தை விண்ணப்பத்துக்குக் கோப்பு எண் கிடைத்த நாளிலிருந்து பத்து நாள்களுக்குள் செலுத்த வேண்டும், தவறினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். பத்து என்பது நாட்காட்டி நாள். வார இறுதிகளும் அதில் அடங்கும்.

எனக்கு வந்த மின்னஞ்சல் குப்பை அஞ்சல் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பன்னிரண்டாம் நாள்தான் பார்த்தேன். ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி, அவர்கள் மீண்டும் அனுப்பி, புதிய இணைப்பு வருவதற்குள் மூன்று வாரம் போனது. ஆகவே தேர்வுக்கு மறுநாள் முதல் நாள்தோறும் குப்பைப் பெட்டியைப் பாருங்கள். மின்னஞ்சல் வராவிட்டாலும் கோர்ஸ் கணக்கில் நுழைந்து கட்டணம் நிலுவையில் உள்ளதா என்று சரிபார்க்கலாம். பணம் கட்டியபின் எனக்கு அடுத்த வேலைநாளிலேயே அழைப்புக்குறி வந்துவிட்டது. காகித உரிமம் வீட்டுக்கு வராது. மின்கோப்பை நீங்களே அச்சிட்டுக்கொள்ள வேண்டும். தரவுத்தளத்தில் உங்கள் அழைப்புக்குறி தோன்றிய கணத்திலிருந்து பேசலாம்.

உரிமம் பத்தாண்டு செல்லும். டெக்னீசியனிலிருந்து ஜெனரலுக்கு உயர எஃப்சிசி கட்டணம் இல்லை, முகவரி மாற்றத்துக்கும் இல்லை. புதுப்பிக்கவும், விரும்பிய எழுத்துகளில் அழைப்புக்குறி கேட்கவும் 35 டாலர்.

8. கருவியும் கம்பியும், வீட்டுச் சங்கமும்

சிபி வழியில் போவதானால் எஸ்எஸ்பி ரேடியோ 150 முதல் 200 டாலர், ஆன்டெனாவும் எஸ்டபிள்யூஆர் மீட்டரும் சேர்த்து இன்னொரு 100 டாலர் என்று ஏறக்குறைய 300 டாலரில் முடியும். ஹாம் வழியில், பயன்படுத்திய 100 வாட் கருவி 500 முதல் 700 டாலர், மின்வழங்கி 100 முதல் 150, கேபிளும் பிளக்குகளும் 50 என்று 800 டாலரை நெருங்கும். கருவியைக் கடைசியில் வாங்குங்கள். அழைப்புக்குறி வந்ததும் உள்ளூர் ஹாம் சங்கத்தின் கூட்டம் ஒன்றுக்குப் போனால், பழைய கருவியைக் குறைந்த விலைக்குத் தரவும், ஒரு மாதம் கடனாகத் தரவும் ஆட்கள் இருப்பார்கள். எனக்குக் கிடைத்த மின்வழங்கி அப்படி இலவசமாக வந்ததுதான்.

ஆன்டெனாவை நீங்களே செய்யலாம். 28.4 மெகாஹெர்ட்ஸுக்கான இருகை (டைபோல்) ஆன்டெனாவின் மொத்த நீளம், 143ஐ 28.4ஆல் வகுத்தால் கிடைக்கும் ஐந்து மீட்டர் சொச்சம். கைக்கு இரண்டரை மீட்டர். வெட்டும்போது கைக்கு ஒரு சாண் கூடுதலாக விட்டு, எஸ்டபிள்யூஆர் மீட்டரைப் பார்த்துச் சிறிது சிறிதாக நறுக்குங்கள். நறுக்கியதை ஒட்டுவது கடினம்.

இதில் பெரிய தடை வீட்டு உரிமையாளர் சங்கங்கள். புறநகர்க் குடியிருப்புகள் பலவற்றில் வெளியே தெரியும் ஆன்டெனாவுக்கு ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும். தொலைக்காட்சி டிஷ்ஷுக்கு உள்ள கூட்டரசுப் பாதுகாப்பு ஹாம் ஆன்டெனாவுக்கு இல்லை. ஹாம் ஆன்டெனா விஷயத்தில் நகராட்சிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்சிசியின் பிஆர்பி-1 ஆணையும் தனியார் ஒப்பந்தங்களைத் தொடாது. வீடு வாங்குமுன், வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இந்தப் பக்கங்களைப் படியுங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை: மெல்லிய கம்பியை மரக்கிளை வழியே ஓடவிடலாம், அல்லது கருவியையும் பேட்டரியையும் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குப் போகலாம். பூங்காக்களிலிருந்து பேசுவதற்கென்றே பார்க்ஸ் ஆன் தி ஏர் என்ற திட்டம் இருக்கிறது, அங்கே அழைத்தால் பதிலுக்குப் பஞ்சமே இராது. அடுக்ககத்தின் எல்இடி விளக்குகளும் சார்ஜர்களும் எழுப்பும் இரைச்சல் அங்கே இல்லை என்பது கூடுதல் பயன். நான் வீட்டில் கேட்டதைவிடப் பூங்காவின் மரத்தடியில் கேட்டதே அதிகம்.

எங்கிருந்து ஒலிபரப்பினாலும், ஆன்டெனாவுக்கு அருகில் இருப்பவர்கள்மேல் படும் கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கிறதா என்று கணக்கிடுவது உங்கள் பொறுப்பு. இணையத்தில் இலவசக் கணிப்பான்கள் உள்ளன, ஐந்து நிமிடம் போதும்.

9. ஊரோடு பேச முயலும்போது

முதல் வாரத்தில் பேசாமல் கேளுங்கள். உலகின் 18 இடங்களிலிருந்து கலங்கரை விளக்கம்போல் முறைவைத்து ஒலிக்கும் நிலையங்கள் 14.100, 21.150, 28.200 முதலிய அலைவெண்களில் உள்ளன. ஒவ்வொன்றும் பத்து விநாடி, மூன்று நிமிடத்துக்கு ஒரு சுற்று. அவற்றுள் ஒன்று 4எஸ்7பி, இலங்கையில் இருப்பது. அது காதில் விழுந்தால் நம் பக்கத்துக்கு வழி திறந்திருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு அழைப்பிலும் முதலில் 100 வாட்டிலும், பிறகு 10, 1, 0.1 வாட்டுகளிலும் ஒலிப்பார்கள். எந்தப் படிவரை கேட்கிறது என்பதைப் பார்த்தே வழியின் வலுவை அளந்துவிடலாம். என் பூங்காவில் 14.100இல் முதல் படி மட்டும், காலை வேளைகளில், வருடத்தில் சில நாள்.

இந்திய நிலையங்களின் அழைப்புக்குறி பெரும்பாலும் வி, யு (VU) என்ற இரண்டெழுத்தில் தொடங்கி, 2 அல்லது 3 என்ற இலக்கம் வரும், இலங்கைக்கு 4எஸ்7. எதிர்முனையில் தமிழர் கிடைத்தால் தமிழிலேயே பேசலாம், தடையில்லை. ஆனால் உங்கள் அழைப்புக்குறியை மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் முடிவிலும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சிபியில் இந்தக் கட்டாயம் இல்லாததால், அங்கிருந்து வருபவர்கள் மறப்பது இதைத்தான்.

இன்னும் ஒரு பொறி, நம் குடும்பப் பழக்கத்தால் வருவது. ஊரில் உள்ள நிலையத்தோடு பேச்சு கிடைத்ததும், உரிமம் இல்லாத மனைவியையோ வருகைக்கு வந்திருக்கும் அம்மாவையோ மைக்கில் பேச வைக்கத் தோன்றும். உரிமம் அற்ற மூன்றாம் நபரின் பேச்சைப் பன்னாட்டுத் தொடர்பில் அனுமதிக்க இரு நாடுகளுக்கிடையே உடன்பாடு வேண்டும். அமெரிக்கா அத்தகைய உடன்பாடு செய்துள்ள நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. அம்மா அருகில் அமர்ந்து கேட்கலாம், பேசக் கூடாது. அவருக்கும் பேச ஆசை என்றால், வயது வரம்பு இல்லாத அந்த 35 கேள்வித் தேர்வு இருக்கவே இருக்கிறது. என் மனைவி அப்படித்தான் கோபத்தில் எழுதித் தேறினார், என்னைவிட அவருக்கு இரண்டு கேள்வி கூடுதலாகச் சரி.

பேசி முடித்ததும் நாள், உலகப் பொது நேரம், அலைவெண், அழைப்புக்குறி, கேட்ட தரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். எதிர்முனையார் மாதங்கள் கழித்து உறுதி கேட்டு அட்டை அனுப்பும்போது, உள்ளூர் நேரத்தில் எழுதிய குறிப்பு பயன்படாது. நான் முதல் நாற்பது தொடர்புகளை டெக்சாஸ் நேரத்தில் எழுதியிருந்தேன். நடுவில் கோடைக்கால நேரம் மாறியதைக் குறிக்கவில்லை.